பவுன் சேர்த்த ஒரு சொல்

யாராவது பேச்சுவாக்கில் ‘செட்’ என்று சொல்லிவிட்டால் பவுனின் கை ஒரு நொடி நின்றுவிடும். மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் சரி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி, வலது கைக் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து மற்ற விரல்களின் கணு ஒன்றைத் தொடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வேலை தொடரும். இதை அவள் கணவன் துரைசாமி கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகும் ஏதோ நரம்புத் தளர்ச்சி என்றுதான் முதலில் நினைத்தான்.

“ஏம்மே, கைக்கு இன்னா ஆச்சி? டாக்டராண்ட போலாமா?”

“ஒண்ணும் இல்லீங்க. எண்றேன்.”

“எத்த?”

அவளிடமிருந்து ஒரு பதிலை வாங்குவது, தீர்ந்துபோன எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பது மாதிரி. பொறுமை இருந்தால் கடைசியில் சொட்டும். அன்றைக்கு மூன்றாம் நாள் சொட்டியது.

“ஒரே வார்த்தைய எத்தினி வேலைக்கு வெச்சிக்கிறாங்கன்னு எண்றேங்க. செட்டுன்னு. இதுவரிக்கும் பதினேழு.”

துரைசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூனாவின் கட்கிப் பகுதியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. “எங்க ஃபேக்டரில அந்த வார்த்தைய சொல்லாம ஒரு போல்ட்டு கூட திரும்பாது. இரு, நாளைலேந்து நான் எத்துக்கினு வரேன்” என்றான். சொன்னபடியே செய்தான். மற்ற வீடுகளுக்குச் சாயங்காலம் மல்லிகைப்பூ வரும். பவுனின் வீட்டுக்கு ‘ஜெனரேட்டர் செட்’ வந்தது, ‘செட் ஸ்க்ரூ’ வந்தது, ஒருநாள் ‘நம்ம ஃபோர்மேனு எல்லாரையும் செட் பண்ணி வெச்சிருக்கான்’ என்பதும் வந்தது. கடைசியாக வந்ததைக் கேட்டு அவளும் சிரித்தாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. 1991இல் கல்யாணமாகி ஆரணிப் பக்கத்திலிருந்து அவள் பூனாவுக்கு வந்தபோது வயது இருபது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். விஷ்ராந்த்வாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும் சேர்ந்த வீடு. ரயிலிலிருந்து இறங்கியதுமுதல் காதில் விழுந்ததெல்லாம் இரைச்சலாகத்தான் இருந்தது. காய்கறிக்காரன் ஒன்று கத்தினான், கண்டக்டர் ஒன்று கத்தினான், எதுவும் பிடிபடவில்லை.

வந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டு லலிதா எட்டிப் பார்த்தாள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள், வாய் ஓயாதவள். “என்ன பவுன், புது எடம் செட் ஆயிடுத்தா?” என்று கேட்டாள். கேட்டது தமிழ்தான், ஆனால் நடுவில் ஒரு சொல் புரியவில்லை. பவுன் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டி வைத்தாள். சற்று நேரத்தில் லலிதா, “இது எங்க கல்யாணத்துக்கு வந்த டீ செட், பத்திரம்” என்று சொல்லிப் பூப்போட்ட கோப்பைகளில் டீ கொண்டுவந்தாள். அதே சொல்.

மறுநாள் காலை வாசலில் கொத்தனார் படிக்குச் சிமெண்ட் பூசிவிட்டு ஓரமாக பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பவுன் குடத்தோடு வெளியே வந்தாள்.

“அஹோ வஹினி! பாய் டேவு நகா! சிமெண்ட் செட் வ்ஹாய்ச்சய்!” என்று அவர் அலறினார். அண்ணி, கால் வைக்காதீர்கள், சிமெண்ட் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். அந்த மராட்டி வாக்கியத்தில் பவுனுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். நேற்று லலிதா வாயிலிருந்து வந்த அதே சொல். முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத பாஷையில், தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. அந்தச் சந்தோஷத்தில் காலை எடுக்க மறந்துவிட்டாள். கணுக்கால்வரை சிமெண்ட். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எண்ணிக்கை தொடங்கியது. தமிழ், மராட்டி, இந்தி என்று யார் எந்தப் பாஷையில் பேசினாலும் இந்தச் சொல் மட்டும் வேஷம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. அது வந்தால் போதும், முன்னாலும் பின்னாலும் உள்ளதை ஊகித்துவிடலாம். கீழ்வீட்டு மராட்டிப் பாட்டி ஆஜி தயிர் உறைந்ததா என்று கேட்கும்போது வந்தது. துரைசாமியின் மணிக்கட்டு பிசகியபோது ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டிய டாக்டர் சொன்னார். கணபதி உற்சவத்துக்குத் தெருமுனையில் தெர்மோக்கோலில் கோட்டை கட்டிய பையன்கள் விடியவிடிய அதையே சொல்லிக் கூவினார்கள். வளையல்காரன், அலாரம் கடிகாரம், வாலிபால் ஆடுகிறவர்கள், மாடிவீட்டு டி.வி., எல்லாவற்றிலும் அது இருந்தது.

லலிதா ஒருத்தியே ஏழெட்டு கொடுத்தாள். “மூணாவது மாடி பானுவும் அந்த பேங்க்காரனும் செட்டாம், தெரியுமா?” என்பாள். அடுத்த மாதமே, “அவன் நம்ம செட் இல்லைன்னு அவ அப்பா வேண்டாம்னுட்டார்” என்பாள். அதற்கும் அடுத்த மாதம், “எல்லாம் செட் பண்ணியாச்சு, தசராவுக்கு நிச்சயதார்த்தம்” என்பாள். பானுவின் கல்யாணம் முடிவதற்குள் பவுனின் வலது கை நிறைந்து இடது கைக்கு வந்துவிட்டது.

மகள் மீனு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், 1998இல், பவுன் போசரித் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். இரும்பைக் கடையும் லேத் மெஷினிலிருந்து வரும் உருளைப் பின்களைப் பிசிறு எடுத்து, கழுவி, அளவு பார்த்து அடுக்கும் வேலை. அளவு பார்க்க ஒரு கேஜ் உண்டு. அதன் ஒரு வாயில் பின் நுழைய வேண்டும், இன்னொரு வாயில் நுழையக் கூடாது. இரண்டிலும் நுழைந்தால் அந்தப் பின் சிறுத்துப்போனது என்று அர்த்தம், பழைய இரும்புக்குத்தான் போகும். தலைமுடியின் தடிமனில் கால் பங்கு பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும் கருவி அது. பவுனுக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. வாயைத் திறக்காமல் உண்மையைச் சொல்கிற பொருளாக இருந்தது.

அந்த ஒர்க்‌ஷாப்பில்தான் அவள் ‘செட்டர்’ என்ற மனிதனை முதன்முதலில் பார்த்தாள். மெஷினை ஓட்டுகிறவன் ஆபரேட்டர். ஆனால் ஓட்டுவதற்கு முன் எந்த டூல் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்று மெஷினைத் தயார்செய்து, முதல் பீஸை எடுத்து அளந்து, ‘சரி, ஓட்டு’ என்று சொல்கிறவன் செட்டர். அவன் சொல்லாமல் ஒரு பீஸ்கூட வெட்டக் கூடாது. இங்கே செட்டர் ஜோஷுவா. கட்கி கன்டோன்மென்டில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பையன். சிரித்த முகம், நல்ல கை, ஆனால் டீக்கடை என்றால் கால் தானாக நடக்கும்.

“அக்கா, ஏக் மினிட் பாத்துக்கோங்க, சாய் குடிச்சிட்டு வர்றேன்” என்பான். அந்த ஏக் மினிட் அரைமணி நேரம் ஆகும். பவுன் பிசிறு எடுத்தபடியே மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் எதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை. ஆனால் 2001இல் கம்ப்யூட்டர் வைத்த சி.என்.சி. மெஷின் வந்து, சில மாதத்திலேயே ஜோஷுவா எந்தப் பட்டனை எப்போது அமுக்குகிறான் என்பது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மெஷினின் ஆஃப்செட் என்ற பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றினால் பின்னின் பருமன் மாறும். அவன் வருவதற்குள் டூல் முனை தேய்ந்துபோனால் அவளே புது முனையைப் பொருத்தி, அந்த எண்ணையும் தட்டிவிடுவாள். ஜோஷுவா திரும்பிவந்து பார்த்து, “அரே வாஹ், மெஷின் தானே சரியாயிடுச்சே!” என்பான். தெரிந்துதான் சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா என்று அவளுக்கு விளங்கியதில்லை.

அந்த இடத்தில், மெஷின் முன்னால் நின்று ‘சரி, ஓட்டு’ என்று சொல்கிற இடத்தில், ஒருநாள் தான் நிற்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது. துரைசாமியிடம்கூடச் சொல்லவில்லை. முதலாளி பாட்கர் சாஹேபிடம் அவள் அதுவரை பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும், அதில் ஆறு, சரி ஐயா என்று பொருள்படும் ‘ஹோ சாஹேப்’. போசரி முழுக்கத் தேடினாலும் பெண் செட்டர் ஒருத்தியை அவள் பார்த்ததில்லை.

இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கெட்டுப்போன பின்களை எல்லாரும் ஒரே சிவப்புத் தொட்டியில் போடுவார்கள். பவுனுக்கு எதையும் கலந்து போட மனம் வராது. மேஜைக்கு அடியில் ஆறு தட்டு வைத்துக்கொண்டு, நாள் நாளாகப் பிரித்துப் போட்டாள். தட்டின் விளிம்பில் சாக்பீஸால் கிழமையின் முதல் எழுத்து. அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுவதற்காக வாரவிடுமுறை வியாழக்கிழமை. ஆகையால் வியாழனுக்குத் தட்டு இல்லை. மற்ற நாள்களில் ஒரு ஆபரேட்டரை மட்டும் வைத்து மெஷின் ராத்திரியும் நிற்காமல் ஓடும். சிலமாதம் போனதும் ஒன்றைக் கவனித்தாள். மற்றத் தட்டுகளில் நாலைந்து பின் கிடந்தால், ‘வெ’ என்று எழுதிய வெள்ளிக்கிழமைத் தட்டு வழிந்துகொண்டிருக்கும். அதிலும் காலை ஷிப்டு தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கெட்டவைதான் அதிகம். முதல் பீஸ் அழகாக இருக்கும். இருபதாவது பீஸும் தேறும். நாற்பதைத் தாண்டும்போது கேஜின் இரண்டு வாயிலும் நுழையத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மேல், ஜோஷுவா திட்டிக்கொண்டே எண்ணை மாற்றிய பிறகு, மறுபடியும் ஒழுங்காகிவிடும்.

ஏன் வெள்ளிக்கிழமை? அதை அவள் ரொம்பநாள் மனதில் போட்டுப் புரட்டினாள்.

2003இல் மீனுவுக்குப் பத்து வயது. துரைசாமி ரத்திக் கடையில், அதாவது பழைய பேப்பர் கடையில், அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்றை எடைக்கு வாங்கிவந்தான். செங்கல் கனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீனு அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கத்தினாள்.

“மம்மி! உங்க வேர்டு! பாருங்க, இதோ, இங்கேந்து... இங்கே வரைக்கும். பக்கம் பக்கமா இருக்கு!”

பவுன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளால் அதை வாசிக்க முடியாது. ஆனால் பொடி எழுத்தில் மூன்று பக்கத்துக்கும் மேல் ஓடியதைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய வீடா இதற்கு என்று தோன்றியது.

“நான் ஒண்ணொண்ணா சொல்றேன், இருக்கான்னு பாரு” என்றாள். மீனு பென்சிலை எடுத்தாள். துரைசாமி நடுவர். சிமெண்ட் இருந்தது. தயிர் நேராக இல்லை, ஆனால் ஜெல்லி இருந்தது, நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். எலும்பு இருந்தது. நாடக மேடை இருந்தது. அலாரம், ஸ்க்ரூ, வாலிபாலுக்குப் பதில் டென்னிஸ். பானுவும் பேங்க்காரனும் மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

“டிக்‌ஷனரி தப்பு. அத்த எழுதினவனுக்கு லலிதாவ தெரியாது” என்று துரைசாமி தீர்ப்புச் சொன்னான்.

பவுனுக்குத் தெரியாதவையும் நிறைய இருந்தன. சூரியன் அடைவதற்கு அதுதான் சொல். வளைதோண்டி வாழ்கிற ஏதோ ஒரு பிராணியின் பொந்துக்கும் அதுதான். மீனு திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மம்மி, செட்டர்னா குத்தா! நாய்! வேட்டை நாய்... எப்படிச் சொல்றது... வாசனை வந்தா குரைக்காதாம், ஓடாதாம். அப்படியே சும்மா உக்காந்து பாத்துட்டே இருக்குமாம்.”

பவுனுக்கு அந்த நாயை மிகவும் பிடித்துப்போயிற்று.

பிறகு மீனு, பத்தியின் கடைசியில் கிடந்த பொடி எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தாள். இந்தச் சொல் பார்க்க ஒன்று போலிருந்தாலும் பிறப்பு ஒன்றில்லை. சிமெண்டையும் எலும்பையும் அலாரத்தையும் பற்றிச் சொல்கிற சொல் பழைய ஆங்கிலத்திலேயே பிறந்தது, ‘உட்கார வைப்பது’ என்று அதற்கு மூலப்பொருள். டீ செட், ‘நம்ம செட்’ என்று கூட்டத்தைச் சொல்கிறது வேறு. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘பின்னால் போவது’ என்ற சொல்லோடு அதற்கு உறவு. ஒரே ஆளுக்குப் பின்னால் போகிறவர்கள் ஒரு கூட்டம், அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் அதே பெயர்.

“அப்ப ரெண்டும் வேற வேற ஊர்க்காரங்க” என்றாள் பவுன். “பொழைக்க வந்த எடத்துல ஒரே பேர வெச்சிக்கினு ஒரே வீட்ல குடித்தனம் பண்ணுது.”

“நம்ம பில்டிங் மாதிரியேன்னு சொல்லு” என்றான் துரைசாமி.

பாத்திரம் தேய்க்கப் போன பிறகும் அவள் மனம் முதல் ஊர்க்காரனிடமே நின்றது. உட்கார வைப்பது. சிமெண்ட் உட்கார நேரம் வேண்டும். தயிருக்கு ஒரு கதகதப்பு வேண்டும், மார்கழிக் குளிரில் ஆஜி பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிறாள். வியாழக்கிழமை முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த மெஷின் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்திருக்குமா? ஓட ஓடத்தானே இரும்பு சூடாகிறது? சூடானால் கொஞ்சம் நீள்கிறது, டூல் பின்னுக்கு நெருக்கமாகப் போகிறது, பின் சிறுக்கிறது. சில்லிட்ட மெஷினில் எடுத்த அளவு, சூடான மெஷினுக்கு எப்படிப் பொருந்தும்?

மறுநாள் ஜோஷுவாவிடம் அந்த நாயைப் பற்றி மட்டும் சொன்னாள். அவன் டீயைத் துப்பிவிட்டான். “அஞ்சு வருஷத்துல நீங்க பேசின முதல் ஜோக் அக்கா இது. அதுலயும் என்னையக் குத்தான்னுட்டீங்க!” மெஷினைப் பற்றிச் சொல்ல அவள் வாய் எழவில்லை. அவனுடைய வேலையில் தான் மூக்கை நுழைப்பதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

2005 செப்டம்பரில் ஜோஷுவாவுக்குச் சாகணில் பெரிய கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. எல்லாருக்கும் பேடா கொடுத்துவிட்டுப் போனான். காலியான இடத்தைப் பவுன் தினமும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாள். ‘சாஹேப், நான் செய்கிறேன்’ என்ற மூன்று சொல்லை வீட்டில் தயார்செய்து எடுத்துப்போவாள். பாட்கர் சாஹேப் அருகில் வந்ததும் ‘ஹோ சாஹேப்’ என்று வரும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. நான்காவது வாரம் தினேஷ் என்று ஒருவன் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், டிப்ளமோ படித்தவன். தசரா முடிந்து மெஷினைத் தொடங்கும் நாளில் அவனுக்குச் சோதனை. அன்றைக்கு வேலையை நன்றாகச் செய்துகாட்டினால் அந்த இடம் அவனுக்கு.

அதே நாளில்தான் இன்னொரு சோதனையும். சாகணிலிருந்து புது வாடிக்கையாளர் ஒருவர் மாதிரிக்கு முந்நூறு பின் கேட்டிருந்தார். அவர்களுடைய இன்ஸ்பெக்டர் பகல் ஒரு மணிக்கு நேரில் வந்து அளந்து பார்ப்பார். பிடித்தால் வருஷம் முழுக்க வேலை.

அந்த வருஷம் தசரா புதன்கிழமை வந்தது. முந்தின நாள் கண்டே நவமி. நம் ஊர் ஆயுதபூஜைபோல அங்கே கருவிகளுக்குப் பூஜை. செவ்வாய்க்கிழமை காலையே மெஷினை நிறுத்தித் துடைத்துச் சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். புதன் தசரா, வியாழன் வாரவிடுமுறை. வெள்ளிக்கிழமை காலை பவுன் போய் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று நாளாகக் கிடந்த இரும்பு, பானைத்தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது.

தினேஷ் நேர்த்தியாக வேலைசெய்தான். டூல்களைப் பொருத்தினான், முதல் பீஸை வெட்டினான், மைக்ரோமீட்டரில் மூன்று தடவை அளந்தான். அளவு நட்டநடுவில். பாட்கர் சாஹேப் தேங்காய் உடைத்தார். தசரா கழிந்து வருகிற முதல் பீஸுக்குக் குங்குமம் வைத்துக் கணபதி படத்துக்கு முன்னால் வைப்பது அந்த ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். வைத்தார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். மெஷின் ஓடத் தொடங்கியது.

பத்து, பதினைந்து, இருபது. பின்கள் பவுனின் மேஜைக்கு வந்தன. எல்லாம் சரி. இன்னும் இருபது பீஸ்தான், பிறகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் முந்நூறும் போகும், தினேஷும் போவான், அவனுக்குப் பதில் இன்னொரு ஆள் வருவான். அந்த ஆள் வந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை இதுதான் நடக்கும். வாயைத் திறந்து, அது தப்பாகிவிட்டால்? நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசினாள் என்பார்கள். கேஜைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டாவது பின் இரண்டாவது வாயில் நுழையவில்லை. ஆனால் நுழையலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

பவுன் எழுந்தாள்.

“சாஹேப், மஷீன் பந்த் கரா.”

மெஷினை நிறுத்துங்கள். அவள் குரல் இப்படி இருக்கும் என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் பாதிப்பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆபரேட்டர் பயந்துபோய் நிறுத்தியே விட்டான்.

“காய் ஜாலா?” என்றார் பாட்கர் சாஹேப், தேங்காய் மூடியோடு. என்ன ஆயிற்று?

சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும், சொல்லும் பாஷைதான் தெரியாது. மராட்டியும் இந்தியும் தமிழும் கலந்து முட்டிக்கொண்டு வந்தது. “தஹி லாக்லா நாஹி சாஹேப். தஹி லாக்லா நாஹி, ஆணி சம்ச்சா டாக்லா.” தயிர் இன்னும் உறையவில்லை, அதற்குள் கரண்டியைப் போட்டுவிட்டீர்கள்.

எல்லாரும் கணபதி படத்தின் முன்னால் இருந்த பிரசாதத் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் தயிர் எதுவும் இல்லை.

தினேஷ்தான் பக்கத்தில் வந்து தமிழில் கேட்டான். “என்னங்கக்கா? அளவு கரெக்டா இருக்குதுங்களே?”

“இப்ப இருக்குதுப்பா. இன்னும் கால்மணி நேரத்துல இருக்காது.” குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஆறு தட்டையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வரிசையாக வைத்தாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், எல்லாவற்றிலும் அடியில் நாலைந்து பின். ‘வெ’ தட்டை அவளால் ஒருகையால் தூக்க முடியவில்லை. தினேஷ் ஒரு பக்கம் பிடித்தான்.

“ராவும் பகலும் நிக்காம ஓடினா ஒண்ணும் கெடறதில்ல. ஒருநாள் நின்னு மறுநா எழுந்தா, சூடு ஏர்ற வரிக்கும் இதுதான். இன்னிக்கி மூணு நாளா நின்னுகிச்சி.”

தினேஷ் ‘வெ’ தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டான். “அட ஆமாங்கக்கா! எங்க பழைய கம்பெனில மெஷினு நிக்கவே நிக்காதுங்க. லீவே இல்லீங்க. அதுதான் எனக்குத் தோணவே இல்லீங்க.” முதலாளிக்கு அவனே இந்தியில் எடுத்துச் சொன்னான். பாட்கர் சாஹேப் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார். ஏழு வருஷமாக இது இந்த மேஜைக்கடியில் இருந்ததா என்பதுபோல் பவுனையும் பார்த்தார்.

“மக ஆதா?” இப்போது என்ன செய்வது?

“சாளீஸ் மினிட் ரிகாமா சாலு தே.” நாற்பது நிமிஷம் வெறுமனே ஓடட்டும்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளில், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், மாலையோடு மெஷின் நாற்பது நிமிஷம் சுற்றியது. உள்ளே கூலண்ட் நீர் தெளித்தது. அதைச் சுற்றி ஒன்பதுபேர் சும்மா நின்றார்கள். பாட்கர் சாஹேப் கடிகாரத்தைப் பார்த்தார், கணபதியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பவுன் மட்டும் அவ்வப்போது போய் மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல.

“இப்ப போடலாம்” என்றாள்.

தினேஷ் விலகி நின்றான். “நீங்களே போடுங்கக்கா. இந்த மெஷினுக்கு உங்களைத் தெரிஞ்சிருக்குதுங்க.”

பவுன் முதலாளியைப் பார்த்தாள். அவர் தேங்காய் மூடியை ஆட்டினார், சரி என்றுதான் அர்த்தம். அவள் மெஷின் முன்னால் போய் நின்றாள். ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து எண்ணைத் தட்டினாள். ஒரு பீஸ் வெட்டி அளந்தாள். இன்னொன்று. ஐந்து வெட்டி, ஐந்தும் ஒன்றுபோல் இருந்த பிறகுதான் திரும்பி, “சாலு கரா” என்றாள். ஓட்டு.

பாட்கர் சாஹேபுக்கு ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. சாமிக்கு வைத்த முதல் பீஸ் சில்லிட்ட மெஷினில் வெட்டியதாயிற்றே, அதை எடுத்துவிட்டு நல்லதை வைப்பதா, வைத்ததை எடுக்கலாமா என்று தடுமாறினார்.

“ராஹூ தே சாஹேப்” என்றாள் பவுன். “தேவாகடே கேஜ் நாஹி.” இருக்கட்டும் சாஹேப், சாமியிடம் கேஜ் இல்லை.

அதற்குப் பாட்கர் சாஹேப் சிரித்த சிரிப்பு வாசலில் இருந்த டீக்காரன்வரை கேட்டது.

ஒரு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஐம்பது பின் எடுத்து அளந்தார். ஐம்பதும் தேறியது. இன்னும் ஐம்பது எடுத்தார், அதுவும் தேறியது. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு பாட்கர் சாஹேப் பவுனைக் கூப்பிட்டு, எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டார். “சாத்வி” என்றாள், ஏழாவது. அவர் மேஜைமேல் கிடந்த பின் ஒன்றை எடுத்து உருட்டினார். பவுன் அதற்குள் இன்னொரு வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டாள், இந்தத் தடவை அது உள்ளே திரும்பிப் போகவில்லை.

“சாஹேப், செட்டரச்ச காம் மீ கர்தே.” செட்டர் வேலையை நான் செய்கிறேன்.

“பைலே கா நாஹி சாங்கித்லஸ்?” என்றார் அவர். இதை முன்னமே ஏன் சொல்லவில்லை? புது வேலை வந்துவிட்டதால் இனி ராத்திரி ஷிப்டுக்கும் ஒரு செட்டர் வேண்டும், ஆக இரண்டு செட்டர் என்று அவரே கணக்குப் போட்டு முடித்தார்.

அன்றைக்குத் துரைசாமி ஒரு கிலோ ஜிலேபியோடு வந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தான். லலிதா இரண்டு ஜிலேபியை எடுத்துக்கொண்டு, “ஏன்டி பவுன், இத்தனை நாள் எங்கிட்டகூட மூச்சுவிடலையே, நீ பெரிய ஆளுதான்” என்றாள்.

“வீட்ல ஒரு செட்டர் வந்துருக்குது, ஜாக்கிரதயா இருக்கணும்” என்றான் துரைசாமி.

“மம்மி செட்டர்தான். ஆனா வாலை ஆட்டறது பப்பா” என்றாள் மீனு. பவுன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. பவுனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அதே ஒர்க்‌ஷாப்பில் முதல் ஷிப்டின் செட்டர் அவள், இரண்டாம் ஷிப்டின் செட்டர் தினேஷ். மெஷின் மூன்றாகிவிட்டது. மற்ற நாள்களில் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறாள், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏழேகாலுக்கே போய்விடுகிறாள்.